தண்ணீரின் ஓரவஞ்சனை

என் தங்கைக்கு எல்லாமே தானாக வரும். பரீட்சை படிக்காமலே தேறியது. உயரம் கேட்காமலே வளர்ந்தது. நான் முக்காலி போட்டு எடுக்கிற டப்பாவை அவள் யாருடனோ பேசிக்கொண்டே கை நீட்டி எடுப்பாள். மாப்பிள்ளைகூட அவளுக்குத் தேடாமல் கிடைத்தார். எனக்குத்தான் செருப்புத் தேயத் தேடினார்கள். கடைசியில் அகப்பட்டவர், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று மூடியே வைத்திருக்கிற மனிதர். இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். அவளுக்கு நிலமும் தானாக வளர ஆரம்பித்ததே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அதுவும் என் நிலத்தைக் கரைத்து.

பொறாமை என்பீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். ஒரே ஒரு நாள் என் கொல்லையில் நின்று எதிர்க்கரையைப் பார்த்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

எங்கள் இருவர் வீட்டுக்கும் நடுவே ஓடுவது உப்பங்கழி. கடல் ஏறும்போது நிரம்பும், இறங்கும்போது வற்றும். எங்கள் இடத்துக்கு வந்ததும் நன்றாக வளைந்து திரும்புகிறது. வளைவின் வெளிப்பக்கம் நான், உள்பக்கம் தங்கை. இரண்டு கரையிலும் ஒவ்வொரு துண்டு நிலம் வாங்கிப் போட்டிருந்த அப்பா, பிரித்துக் கொடுக்கும்போது, "பெரியவ மொதல்ல எடுத்துக்கட்டும்" என்றார். நான் யோசிக்கவே இல்லை. வெளிப்பக்கம் ஆழம். ஓடம் நேராக வந்து கொல்லைப் படிக்கட்டை உரசிக்கொண்டு நிற்கும். எதிர்ப்பக்கம் வெறும் சேறு. தண்ணீர் வற்றினால் ஓடம் அந்தக் கரைக்குப் போகாது, சேற்றில் இறங்கித்தான் நடக்க வேண்டும். ஆழத்தை நான் எடுத்துக்கொண்டு சேற்றைத் தங்கைக்கு விட்டேன். அன்றைக்கு எல்லோரும் என்னைத்தான் கெட்டிக்காரி என்றார்கள்.

என் தொழிலுக்கு அந்த ஆழம் வேண்டியிருந்தது. நான் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிறேன். படுக்கை விரிப்பு, தலையணை உறை, டாக்டர்கள் போடுகிற பச்சை அங்கி எல்லாம் மூட்டை மூட்டையாக ஓடத்தில் வந்து என் படிக்கட்டில் இறங்கும். துவைக்க வீட்டுக்குள் பெரிய மிஷின் இருக்கிறது. காயப்போடுவது கொல்லையில், வெயிலில். சுவரிலிருந்து தண்ணீர் ஓரம்வரை வரிசையாகக் கம்பம் நட்டுக் கம்பி இழுத்துக் கட்டியிருந்தேன். நான் குள்ளம் என்பதால் கம்பியும் தாழ்வாகத்தான் இருக்கும். என் வீட்டுக்காரர் குனிய மறந்து நெற்றியில் கோடு வாங்கிக்கொண்டு வருவார். அதற்கும் வாயைத் திறக்க மாட்டார்.

தங்கைக்கு ஐஸ் பாக்டரியில் வேலை. பாளம் பாளமாக வருகிற ஐஸைக் கொக்கி போட்டு இழுத்து, உடைத்து, பெட்டியில் கொட்டி அனுப்ப வேண்டும். ஆண்களே அரைநாளில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருகிற வேலை அது. அவளோ அதைச் செய்துவிட்டுப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவாள். கைதான் காய்த்துப் போயிருந்தது. மற்றபடி வயசு அவள் பக்கம் எட்டிப் பார்த்த மாதிரியே தெரியாது. நான் பெரியவள் என்று சொல்லத் தேவையே இல்லாமல் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

கரை கரைவது முதலில் யாருக்கும் தெரியவில்லை. ஓரத்தில் இருந்த புல் ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு காணோம். கடைசிக் கம்பத்துக்கு அந்தப் பக்கம் நின்றுதான் விரிப்பை உதறுவேன். ஒரு வருஷம் அங்கே நிற்கப் பயமாக இருந்தது, அடுத்த வருஷம் அங்கே நிற்க இடமே இல்லை. படிக்கட்டு கரையை விட்டுப் பிரிந்து தண்ணீரில் தனியாக நின்றது. நடுவே பலகை போட்டோம். பிறகு அந்தப் பலகையும் எட்டவில்லை. கடைசிக் கம்பம் குடித்தவனைப் போலச் சாய்ந்ததும் அதைப் பிடுங்கி உள்ளே தள்ளி நட்டேன். அடுத்த வருஷம் இன்னொன்று. அதையும் உள்ளே நட்டேன். எத்தனை கம்பம் இருந்ததோ அத்தனையும் இருக்கிறதே என்று மனசு சமாதானமாகிவிட்டது. கம்பத்தை எண்ணினேனே தவிர மண்ணை அளக்கவில்லை. கம்பிகள் நெருங்கி நெருங்கி வந்து, ஈர விரிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, காயாமல் நாற ஆரம்பித்தபோதுதான் விஷயம் மூக்கில் ஏறியது.

அப்புறம்தான் எதிர்க்கரையைச் சரியாகப் பார்த்தேன். அங்கே முதலில் சேற்றில் நண்டு ஓடிக்கொண்டிருந்தது. பிறகு சேறு இறுகி வெடிப்பு விட்டது. வெடிப்பில் உமிரிச் செடி முளைத்துச் சிவப்பும் பச்சையுமாகப் படர்ந்தது. அதற்குப் பின்னால் புல் வந்தது. ஓடக்காரர் துடுப்புப் போட்டுப் போன இடத்தில் கொக்கு நடந்தது. ஒரு நாள் துணி உதறிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தால், தங்கை அந்த இடத்தில் நாற்காலி போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறாள்! என்னைப் பார்த்துக் கையை வேறு ஆட்டினாள். இக்கரைக்கு அக்கரை பச்சை என்று சும்மா சொல்லுவார்கள். எனக்கு அது நிஜமாகவே பச்சையாக இருந்தது, கண்ணுக்கு நேரே, தினமும்.

பொதுப்பணி அலுவலகத்துக்கு நடையாய் நடந்து ஒரு இன்ஜினியரைக் கூட்டிவந்தேன். அவர் கரையில் நின்று கையால் வளைத்துக் காட்டினார்.

"வளைவுல வெளிப்பக்கம் தண்ணி வேகமா வரும்மா. அரிச்சுக்கிட்டே போகும். உள்பக்கம் மெதுவா போறதால மண்ணப் போட்டுட்டுப் போகும். அதோட குணம் அது."

"அதுக்குப் பேரு ஓரவஞ்சனைங்க" என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கல் அடுக்கித் தடுப்புக் கட்ட முடியாதா என்று கேட்டதற்கு, கட்டினால் வளைவு முழுவதும் கட்ட வேண்டும், ஒரு வீட்டுக்கு மட்டும் கட்ட விதி இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அவர் பேச்சில் பாதிதான் நம்பிக்கை. மீதிப் பாதிக்கு என்னிடமே காரணம் இருந்தது. ஐஸ் பாக்டரியில் கிடைக்கிற மரத்தூளைக் கொண்டுவந்து தங்கை கரையில் கொட்டி, தண்ணீரை என் பக்கம் தள்ளுகிறாள் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"தூளக் கொட்டிக் கழியத் திருப்ப முடியுமா?" என்றார் அவர். அந்த வருஷம் அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் நான் ஒன்று சொல்வேன்: "என் தங்கைக்கு அக்கரை உண்டு, அக்கறை கிடையாது." எழுதினால் இதற்கு மவுசு. வாயால் சொன்னால் இரண்டும் ஒன்றாகத்தான் காதில் விழும். "என்னடி இது, உண்டுங்கிற, கிடையாதுங்கிற?" என்று விழிப்பார்கள். நான் விரலால் காற்றில் எழுதி, முதலில் சின்ன ர, அப்புறம் பெரிய ற என்று விளக்கி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். ஆனாலும் விடமாட்டேன், அடுத்து வருகிறவரிடமும் சொல்வேன்.

அக்கறை கிடையாது என்று நான் சொன்னது அம்மா விஷயத்தில். அம்மா கடைசிக் காலத்தை என் வீட்டில்தான் கழித்தாள். டாக்டரிடம் போகவர ஓடம் வாசலுக்கே வரும் என்பதால் என்னிடம் வந்தாள். என்மேல் இருந்த பாசத்தால் வந்தாள் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். குளிப்பாட்டியது, ஊட்டியது, புரட்டிப் படுக்க வைத்தது எல்லாம் நான். அம்மா போன அன்றைக்குத் தங்கை எல்லாம் முடிந்த பிறகு, இடுப்புவரை சேற்றோடு, மெதுவாக நடந்து வந்தாள். நடையில் ஒரு அவசரம்கூட இல்லை. அதைத்தான் நான் ஊரெல்லாம் சொன்னேன்.

இப்படி இருக்கும்போது ஒரு மத்தியானம் தண்ணீர் வழக்கத்தைவிட அதிகமாக ஏறி, ஓரத்துக் கம்பத்தைச் சாய்த்தது. கம்பி அறுந்து ஒரு வரிசை விரிப்பு முழுவதும் கழியில் விழுந்தது. நான் ஓடி வருவதற்குள் வெள்ளை வெள்ளையாக மிதந்து, நேராக எங்கே போய் ஒதுங்கின என்று நினைக்கிறீர்கள்? தங்கை கரையில்தான். மண்ணுக்குத்தான் அவளைப் பிடிக்கும் என்றிருந்தேன், துணிக்குமா பிடிக்க வேண்டும்! அவள் அவற்றைப் பொறுக்கி, நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்து, மடித்து, மறுநாள் ஓடக்காரரிடம் கொடுத்தனுப்பினாள். பிரித்துக்கூடப் பார்க்காமல் மூட்டையில் சேர்த்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் துணிகளுக்குப் பொறுப்பான மேற்பார்வையாளர் அம்மாள் நேரிலேயே வந்தார்.

"போன தடவ மடிப்பு ரொம்ப நல்லா இருந்துச்சே. புது ஆள் யாராச்சும் வெச்சிருக்கீங்களா?"

எனக்கு வயிறு பற்றி எரிந்தது. இத்தனை வருஷம் நான் மடித்ததை இந்த அம்மாள் ஒரு நாளும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. மூட்டையைக் கட்டுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். அவர் கொல்லைக்கு வந்து பார்த்தார். சுவருக்கும் தண்ணீருக்கும் நடுவே விரிப்புகள் நெரிசலில் மாட்டிய மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன.

"இங்கயா காயப்போடுறீங்க?"

"வெயில் நல்லா வரும்ங்க."

"வெயில் வரும், காத்து வராதே. நோயாளிங்க படுக்கிற துணிம்மா. ஈரமா அனுப்பினா நான் பதில் சொல்லணும். மழைக்கு முன்னாடி வேற எடம் காட்டுங்க. இல்லன்னா நான் வேற ஆளத்தான் பாக்கணும்."

எனக்கு இருப்பது அந்த ஒரு வாடிக்கைதான். அது போனால் மிஷினை விற்றுவிட்டு நான் சும்மா உட்கார வேண்டியதுதான். தெருவெல்லாம் இடம் தேடினேன். காலி இடம் இருந்தது ஒரே ஒரு பக்கம். அந்தப் பக்கம் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. போய்க் கேட்பதா? அதைவிட இந்த விரிப்புகளைப் போர்த்திக்கொண்டு ஆஸ்பத்திரியிலேயே படுத்துவிடலாம்.

அப்போதுதான் எதிர்க்கரையில் கம்பம் முளைத்தது.

முதல் நாள் தங்கையின் வீட்டுக்காரர் குழி தோண்டினார். அடுத்து வரிசையாகக் கம்பம் நட்டார்கள். பிறகு கம்பி. எனக்குப் புரிய வேண்டியது புரிந்துவிட்டது. மண்ணைத் தின்றாயிற்று, இப்போது ஆஸ்பத்திரி. மடிப்புக்குப் பேர் கிடைத்திருக்கிறது என்று ஓடக்காரர் போய்ச் சொல்லியிருப்பார். மூட்டை சுமக்கிற வாய்க்கு முட்டுக்கட்டை ஏது? சோறு இறங்கவில்லை. "பாத்தீங்களா உங்க கொழுந்தியா வேலைய?" என்று வீட்டுக்காரரிடம் கத்தினேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஓடத்தைக் கூப்பிட்டு ஏறினேன். தண்ணீர் வற்றுகிற நேரம். ஓடக்காரர் பாதியிலேயே நிறுத்திவிட்டு, இனிமேல் நடந்துதான் போகணும் என்றார். அந்தச் சேற்றில் நான் கால் வைத்துப் பல வருஷம் இருக்கும். முதல் காலை வைத்தேன், முழங்கால்வரை போனது. எடுத்தால் கால் மட்டும் வந்தது, செருப்பு வரவில்லை. இன்னொரு செருப்பையும் சேற்றுக்கே தானம் கொடுத்துவிட்டு, திட்டிக்கொண்டே கெட்டியான மண்ணுக்கு ஏறினேன்.

"யாரக் கேட்டுடி கம்பம் நட்ட?"

தங்கை வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். கம்பி வரிசைகளுக்குள் புகுந்து வந்தவள், ஒவ்வொரு கம்பிக்கும் குனிந்தாள், நிமிர்ந்தாள், மறுபடி குனிந்தாள்.

"மெதுவா வாக்கா. வழுக்கும்."

"வழுக்கட்டும். மண்ணத்தான் எடுத்துக்கிட்ட, பொழப்பையும் எடுத்துக்கப் பாக்குறியா? ஐஸ் ஒடைக்கிற கைக்கு வெளுக்கிற வேல எதுக்குடி?"

"கையத் தூக்கு."

"என்னது?"

"அடிக்கத்தான வந்த? தூக்கு."

கோபத்தில் தூக்கியேவிட்டேன். விரல் கம்பியில் போய் நின்றது. எக்கவும் வேண்டியிருக்கவில்லை, மடக்கவும் வேண்டியிருக்கவில்லை. என் கொல்லையில் எப்படியோ அப்படியே. அதே கம்பி தங்கைக்குக் கழுத்துக்கு நேராக இருந்தது.

"எனக்குன்னா இப்படியா கட்டுவேன்? தெனம் கழுத்த அறுத்துக்கவா? மாமாவ நிக்க வெச்சுத்தான் அளந்தோம். அவருக்கு நெத்தியில இடிச்சா ஒனக்குச் சரியா இருக்கும்னாரு."

என் வீட்டுக்காரர் தங்கை கரைக்கு வந்திருக்கிறார், அளவுக்கு நின்றிருக்கிறார், திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். நான் அத்தனை கத்தியும் வாயைத் திறக்கவில்லை.

"ஏன்டி எங்கிட்டச் சொல்லல?"

"வந்து காயப்போடுக்கான்னு கூப்பிட்டா நீ வருவியா? சண்டைன்னா ஓடி வருவ."

அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் கட்டிப்பிடித்து அழுதிருப்பார்கள். எனக்கு அழுகை வரவில்லை. மண் அவளுக்கு, மடிப்பு அவளுக்கு, இப்போது பெருந்தன்மையும் அவளுக்கே. என் பங்குக்கு நன்றி சொல்லுகிற வேலையை மட்டும் ஒதுக்கி வைத்திருக்கிறாள். நான் சொல்லவில்லை.

"கம்பி கொஞ்சம் தொய்வா இருக்கு" என்றேன்.

"இழுத்துக் கட்டித் தரேன்" என்றாள்.

மேற்பார்வையாளர் அம்மாள் வந்து இடத்தைப் பார்த்தார். காற்றையும் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டுப் போனார். வாடிக்கை தங்கியது. நான் என் வீட்டில் துவைத்து, ஈரத்துணியை ஓடத்தில் ஏற்றி, தண்ணீர் நிரம்பியிருக்கும்போது எதிர்க்கரைக்குக் கொண்டுபோவேன். தங்கை ஷிப்ட் முடிந்து வந்தால் விரிப்பின் மறுமுனையைப் பிடிப்பாள். அவள் உயரத்துக்கு உதறினால் காற்று உள்ளே புகுந்து விரிப்பு பலகை போல விறைத்து நிற்கும். என் கொல்லையில் தனியாக உதறும்போது அப்படி ஒரு நாளும் நின்றதில்லை. இதையும் மனசுக்குள் குறித்துவைத்துக்கொண்டு எரிந்தேன்.

ஒரு நாள் உதறிக்கொண்டே, "நல்ல அதிர்ஷ்டம்டி ஒனக்கு. ஒக்காந்த எடத்துல நெலம் வருது" என்றேன். கொஞ்ச நாளாக அடக்கி வைத்திருந்தது, தானாக வந்துவிட்டது.

"நான் கேட்டேனாக்கா? யாருக்கு வேணும் இது? ஒன் பக்கத்து ஆழத்தப் பாத்து நான் எவ்வளவு வயிறெரிஞ்சிருக்கேன் தெரியுமா?"

என்னைப் பார்த்தா? இவளா? ஆயுசில் ஒருத்தரும் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டதாகச் சொன்னதில்லை. உண்மையைச் சொல்கிறேன், உச்சி குளிர்ந்துவிட்டது. இன்னும் கேட்க வேண்டும் போலிருந்தது.

"எப்ப? சொல்லு, எப்பப் பட்ட?"

"அம்மா போன அன்னைக்கு."

அவள் விரிப்பின் முனையை விடாமல் பிடித்துக்கொண்டே சொன்னாள்.

"முடியலன்னு ஓடக்காரர் வந்து சத்தம் போட்டாரு. தண்ணி சுத்தமா வத்திக் கெடந்துச்சு. ஓடம் ஒன் பக்கத்து ஆழத்துலதான் நிக்குது, அதுவரைக்கும் சேத்துல நடக்கணும். பாதியில இடுப்பு வரைக்கும் மாட்டிக்கிட்டேன். அங்கிருந்து பாத்தா ஒன் வீட்டுக் கதவு தெரியுது. ஆளுங்க உள்ள போறது தெரியுது. கத்துறேன், காத்து ஒன் பக்கத்துலேருந்து அடிக்குது, யாருக்கும் கேக்கல. அப்பறம் நீ அழுத சத்தம் வந்துச்சு. அதோட முடிஞ்சுதுன்னு தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்பறம் நான் அவசரப்படலக்கா."

உச்சி குளிர்ந்ததெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. விரிப்பு நடுவே தொய்ந்து புல்லைத் தொட்டது. இரண்டு பேரும் அதை இழுக்கவில்லை.

"ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருந்தேன். கேட்டா நீ திட்டுவ" என்றாள் தங்கை. "அம்மா என்னக் கேட்டாங்களா?"

அன்று முழுவதும் அம்மாவின் பக்கத்தில் இருந்தவள் நான். உதட்டை நனைத்தது நான், விசிறியது நான், கையைப் பிடித்துக்கொண்டிருந்ததும் நான். பக்கத்தில் இருப்பவளை எதற்குக் கேட்க வேண்டும் என்று எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன், ஆறவில்லை. மண் போனதெல்லாம் பிறகு வந்த எரிச்சல். அன்றைக்கு அம்மா சொன்னது என் ஒருத்தி காதில்தான் விழுந்தது. இல்லை என்று நான் சொன்னால் அதோடு சரி, மறுத்துச் சொல்ல ஆள் கிடையாது. தங்கை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மண்ணில் நின்றுகொண்டு, எனக்கென்று கட்டிய கம்பியைப் பிடித்துக்கொண்டு, நான் வாயைத் திறந்தேன்.

"கேட்டாங்கடி" என்றேன். சொல்லும்போதும் வயிறு எரியத்தான் செய்தது. "கண்ணு தெறந்தப்பல்லாம் ஒன்னத்தான் கேட்டாங்க. சின்னவ வந்துட்டாளா, சின்னவ வந்துட்டாளான்னு. என் பேச்சையே எடுக்கல."